மாற்றாக வந்த ரிவால்வர்: பழையதில் செய்த தோட்டாச் சோதனைகள் இதற்குச் செல்லுமா?

சுழலுருளை எழுதியது:

தயாரிப்பு நிறுவனத்திடமிருந்து எனக்கு மாற்று ரிவால்வர் வந்து சேர்ந்திருக்கிறது. முன்பிருந்ததும் இதே மாடல்தான்: .357 மேக்னம் வகைத் தோட்டாவுக்கானது, சிலிண்டரில் தோட்டா இடும் ஐந்து அறைகள், இரண்டு அங்குலக் குழல், எடை குறைந்த உலோகக் கலவை ஃப்ரேம், எஃகு சிலிண்டர். பழையதில் ஒரு குறிப்பிட்ட அறை மேலே வரும்போது மட்டும் சிலிண்டர் முழுமையாகத் திரும்பிப் பூட்டிக்கொள்ளாமல் நின்றது. அதனால் ஃபயரிங் பின்னின் அடி பிரைமரின் (தோட்டாவின் அடியில் இருந்து வெடிமருந்தைப் பற்றவைக்கும் சிறு மூடி) நடுவில் விழாமல் ஓரத்தில் விழுந்து, தோட்டா வெடிக்காமல் போயிற்று. அடி விழுந்த தோட்டா உறைகளின் படங்களையும், எந்த அறையில் எப்போது தவறியது என்ற குறிப்பையும் இணைத்து அனுப்பினேன். பழுது நீக்கித் தருவார்கள் என்றுதான் எதிர்பார்த்தேன். புதிய வரிசை எண்ணுடன் வேறொன்றையே அனுப்பிவிட்டார்கள்.

பழைய ரிவால்வரில் பல வகைத் தோட்டாக்களைச் சுட்டுப் பார்த்து, குறி எங்கே விழுகிறது, பின்னுதைப்பு எவ்வளவு, எது நம்பகமானது என்றெல்லாம் குறித்துவைத்து, இறுதியாக இரண்டு வகைகளைத் தேர்ந்திருந்தேன். அந்தத் தேர்வு அப்படியே செல்லுமா, அல்லது முதலிலிருந்து தொடங்க வேண்டுமா? முதலிலிருந்துதான் என்றால் எந்த வரிசையில் செய்வது, எவ்வளவு சுட்டால் போதும் என்று சொல்ல முடியுமா? அனுபவமுள்ளவர்கள் விரிவாக எழுதினால் நன்றியுடையவனாக இருப்பேன்.

அளவுமானி எழுதியது:

முதலிலிருந்துதான் தொடங்க வேண்டும் நண்பரே. மாடல் பெயர் ஒன்றாக இருந்தாலும் உங்கள் கையில் இருப்பது வேறொரு துப்பாக்கி. குழலின் உள்விட்டம், அறைகளின் முன்வாய் விட்டம், சிலிண்டருக்கும் குழலுக்கும் இடையேயுள்ள இடைவெளி ஆகிய மூன்றும் ஒரே நாளில் ஒரே தொழிற்சாலையில் செய்த இரண்டு ரிவால்வர்களில்கூடச் சற்றே மாறும். தோட்டாவின் நடத்தை அந்த மூன்றையும் சார்ந்தது.

ஆனால் தோட்டாவைத் தொடுவதற்கு முன் துப்பாக்கியைப் பாருங்கள். சுட்ட பிறகு கண்டுபிடிக்கும் குறையைவிடச் சுடுவதற்கு முன் கண்டுபிடிக்கும் குறையை நிறுவனத்திடம் எடுத்துச் சொல்வது எளிது. அறையில் தோட்டா எதுவும் இல்லை என்பதை இரண்டு முறை உறுதிசெய்துகொண்டு, தோட்டாப் பெட்டிகளை வீட்டின் வேறோர் அறையில் வைத்துவிட்டு இதைச் செய்யுங்கள். தொழிற்சாலையில் துருப்பிடிக்காமல் இருக்கத் தடவிய எண்ணெயை அறைகளிலிருந்தும் குழலிலிருந்தும் முதலில் நன்றாகத் துடைத்தெடுங்கள்.

அடுத்தது சிலிண்டர் பூட்டும் நேரம். பழையதில் தவறியது இதுவே என்பதால் இதற்குத்தான் அதிக நேரம் கொடுக்க வேண்டும். ஹேமரை, அதாவது சுடும்போது அடிக்கும் சுத்தியலை, கட்டைவிரலால் மிக மெதுவாகப் பின்னிழுத்தபடி, மறுகை விரலைச் சிலிண்டரின் மேல் லேசாக வைத்து உராய்வு கொடுங்கள். ஹேமர் முழுமையாகப் பின்னே போய் நிற்பதற்கு முன்பே, சிலிண்டர் பூட்டு தன் பள்ளத்தில் விழும் ஓசை கேட்டுவிட வேண்டும். ஹேமர் நின்ற பிறகும் விரலால் தள்ளினால்தான் பூட்டுகிறது என்றால், அந்த அறையில் நேரம் பிந்துகிறது. ஹேமர் உள்ளே மறைந்திருக்கும் மாடல் என்றால் விசையை அதே நிதானத்தில் அழுத்திப் பாருங்கள். ஐந்து அறைகளிலும் தனித்தனியாகச் செய்து, அறைகளுக்கு எண் கொடுத்து எழுதிவையுங்கள். சிலிண்டரின் பக்கவாட்டில் அழியக்கூடிய மையால் சிறு புள்ளி ஒன்று வைத்துக்கொண்டால் எது முதல் அறை என்ற குழப்பம் வராது.

பிறகு ஃபீலர் கேஜ், அதாவது சிறு இடைவெளிகளை அளக்கும் மெல்லிய தகடுகள். சிலிண்டரைப் பின்னோக்கி அழுத்திப் பிடித்து இடைவெளியை அளக்கவும். முன்னோக்கி அழுத்திப் பிடித்து மறுபடி அளக்கவும். முதல் அளவு பெரும்பாலும் ஓர் அங்குலத்தில் ஆயிரத்தில் நான்கு முதல் எட்டுப் பங்கு வரை, அதாவது ஏறத்தாழ 0.10 முதல் 0.20 மில்லிமீட்டர் வரை இருக்கும். சில நிறுவனங்கள் இதைவிடச் சற்று அதிகமாக இருந்தாலும் ஏற்றுக்கொள்கின்றன. இரண்டு அளவுகளுக்கும் உள்ள வித்தியாசமே சிலிண்டரின் முன்பின் ஆட்டம். அது மிகுதியாக இருந்தால், ஃபயரிங் பின் அடிக்கும்போது சிலிண்டர் முன்னே நகர்ந்து அடியின் வலுவில் ஒரு பகுதியை விழுங்கிவிடும். பிரைமருக்கு மிச்சம்தான் கிடைக்கும். ஓர் அறையில் மட்டும் இடைவெளி வேறாக இருந்தால் சிலிண்டரின் முகப்பு சீராகக் கடையப்படவில்லை என்று பொருள்.

கடைசியாக, குழலின் பின்வாயில் குண்டு நுழையும் கூம்பில் வெளிச்சம் பாய்ச்சி, கருவித் தழும்புகள் உள்ளனவா என்று பாருங்கள். முன்குறி நேராக நிற்கிறதா, குழல் முறுக்கும்போது சாய்ந்துவிட்டதா என்பதையும் கவனியுங்கள். சாய்ந்த குழலைத் தோட்டாவை மாற்றிச் சரிசெய்ய முடியாது.

தொலைநோக்கு எழுதியது:

இவ்வளவு தேவையா என்று எனக்குத் தோன்றுகிறது. ஒருமுறை புகார் வந்த வாடிக்கையாளருக்கு அனுப்பும் மாற்றுத் துப்பாக்கியை நிறுவனம் கூடுதல் கவனத்தோடு சோதித்துத்தான் அனுப்பும். ஒரு பெட்டி, அதாவது 50 தோட்டாக்கள், பழுதில்லாமல் வெடித்தால் அதை நம்பலாம். தோட்டாவும் விலையுள்ள பொருள்தானே.

அளவுமானி எழுதியது:

நிறுவனம் சோதித்திருக்கும் என்பதில் எனக்கும் ஐயமில்லை. எவ்வளவு சோதித்தது என்பதே கேள்வி. சிலிண்டரின் முன்முகப்பைப் பாருங்கள். சுட்ட அறையின் வாயைச் சுற்றி மெல்லிய கருவளையம் இருக்கும். புதிதாக வரும் ரிவால்வர்களில் எல்லா அறைகளிலும் அந்த வளையம் இருப்பதில்லை. சிலவற்றில் இரண்டு மூன்று அறைகளில் மட்டுமே இருக்கும். துடைத்து அனுப்பியிருந்தால் அதுவும் தெரியாது. சுழலுருளை அவர்களின் பழைய துப்பாக்கியில் குறை இருந்தது ஒரே ஓர் அறையில். அத்தகைய குறை, எல்லா அறைகளிலும் சுடாத சோதனையின் கண்ணுக்குத் தப்பிவிடும்.

குறிப்பேடு எழுதியது:

அந்த 50 தோட்டாக் கணக்கைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன், ஏனெனில் எல்லோரும் அதைத்தான் சொல்கிறார்கள். தொடர்ந்து 50 தோட்டாக்கள் ஒரு பழுதும் இல்லாமல் வெடித்தன என்றால், 95 சதவீத நம்பிக்கையோடு நாம் சொல்லக்கூடியது, பழுது விகிதம் ஏறத்தாழ 6 சதவீதத்தைத் தாண்டாது என்பது மட்டுமே. 300 தோட்டாக்கள் தவறாமல் வெடித்தால்தான் அந்த மேல்வரம்பு 1 சதவீதத்துக்கு இறங்கும். ஐந்து அறை ரிவால்வரில் 50 தோட்டாக்கள் என்பது ஓர் அறைக்குப் பத்து. பத்தும் வெடித்தன என்ற செய்தியை மட்டும் வைத்துக்கொண்டால், அந்த ஓர் அறையின் பழுது விகிதம் 26 சதவீதம் வரை இருக்க இடமுண்டு. எனவே ஐந்து அறைகளை ஐந்து தனித்தனித் துப்பாக்கிகளாகக் கருதிக் குறிப்பெழுதுவதே முறை. அதற்காக ஒவ்வோர் அறையிலும் நூற்றுக்கணக்கில் சுடச் சொல்லவில்லை. வெடித்ததா இல்லையா என்று மட்டும் எண்ணாமல், வெடித்த ஒவ்வோர் உறையையும் பார்க்கச் சொல்கிறேன். பிரைமரில் விழுந்த பள்ளம் எவ்வளவு ஆழம், நடுவில் விழுந்ததா என்பது, தோட்டா தவறுவதற்கு வெகு முன்பே குறையைக் காட்டிக்கொடுத்துவிடும். சுட்ட உறைகளை அறை எண் வாரியாக ஐந்து வரிசைகளில் மேசைமேல் நிறுத்திப் பாருங்கள். ஒரு வரிசையில் மட்டும் பள்ளம் ஒருபக்கம் சாய்ந்திருந்தால் ஒரே பார்வையில் தெரிந்துவிடும்.

இனித் தோட்டாக்களின் வரிசைக்கு வருகிறேன். அமெரிக்கத் தர அமைப்பான எஸ்.ஏ.ஏ.எம்.ஐ. வகுத்த அளவின்படி, குட்டையான உறை கொண்ட .38 ஸ்பெஷல் தோட்டாவின் உச்ச சராசரி அழுத்தம் 17,000 பி.எஸ்.ஐ. (சதுர அங்குலத்துக்கு இத்தனை பவுண்டு), அதே தோட்டாவின் அழுத்தம் கூடிய வகையான .38 ஸ்பெஷல் +பி-க்கு 20,000, .357 மேக்னத்துக்கு 35,000. .357 மேக்னம் ரிவால்வரில் இவை மூன்றையும் சுடலாம். (.38 ஸ்பெஷலுக்காகச் செய்த ரிவால்வரில் மேக்னம் தோட்டாவைச் சுட வழியில்லை. அதைத் தடுக்கவே 1935-இல் மேக்னத்தை அறிமுகம் செய்தபோது உறையை நீளமாக வைத்தார்கள்: முன்னது 1.155 அங்குலம், பின்னது 1.290.) குறைந்த அழுத்தத்திலிருந்து மேலே போங்கள். முதலில் 148 கிரெயின் (கிரெயின் என்பது குண்டின் எடை அலகு) தட்டைமுகக் குண்டு கொண்ட இலக்குச் சுடுதல் தோட்டா, அல்லது 158 கிரெயின் சாதாரண .38 ஸ்பெஷல். முதல் சுற்றில் ஓர் அறையில் மட்டும் தோட்டா போட்டுச் சுடுங்கள். ஐந்து அறைகளையும் அப்படி முடித்த பிறகு முழுமையாக நிரப்புங்கள். அதன் பின் +பி, கடைசியில் மேக்னம்.

ஆனால் மேக்னத்துக்குப் போகுமுன் அறைகளைப் பிரஷ் போட்டுத் துடைக்க வேண்டும். குட்டையான உறை முடியும் இடத்தில் கரியும் ஈயமும் சேர்ந்து ஒரு வளையமாகப் படியும். அதன் மேல் நீளமான மேக்னம் உறையைத் தள்ளினால் உள்ளே போகச் சிரமப்படும், சுட்டபின் வெளியே வரவும் மறுக்கும். அதைப் பார்த்துவிட்டு அறைகள் சரியில்லை என்றோ தோட்டாவில் அழுத்தம் மிகுதி என்றோ முடிவுகட்டுவோர் உண்டு. சுத்தமான அறையிலும் ஒட்டிக்கொள்கிறதா என்று பார்த்த பிறகே துப்பாக்கியைக் குறைசொல்ல வேண்டும்.

எடை குறைந்த ரிவால்வரில் கட்டாயம் செய்ய வேண்டிய சோதனை ஒன்று இருக்கிறது. பின்னுதைப்பில் துப்பாக்கி வேகமாகப் பின்னால் போகும்போது, சுடப்படாமல் மற்ற அறைகளில் காத்திருக்கும் தோட்டாக்களின் உறைகளையும் அது இழுத்துக்கொண்டு போகிறது. கனமான குண்டோ இருந்த இடத்திலேயே நிற்கப் பார்க்கிறது. உறையின் வாய் குண்டைப் போதிய அளவு இறுகப் பிடித்திருக்காவிட்டால், ஒவ்வொரு வெடிக்கும் குண்டு கொஞ்சம் கொஞ்சமாக வெளியே நகரும். சிலிண்டரின் முகப்பைத் தாண்டி அது நீட்டிக்கொண்டால் குழலின் பின்பக்கத்தில் மோதி, சிலிண்டர் சுழலாமல் நின்றுவிடும். தற்காப்புக்கு வைத்திருப்பவருக்கு அதைவிட மோசமான பழுது இல்லை. சோதனை எளிது. ஒரு தோட்டாவின் மொத்த நீளத்தை வெர்னியர் காலிப்பரில் அளந்து, கடைசியாகச் சுட வேண்டிய அறையில் அதை வையுங்கள். மற்ற நான்கையும் சுட்டுவிட்டு, அதை வெளியே எடுத்து மறுபடி அளங்கள். நீளம் கண்ணுக்குத் தெரியுமளவு கூடியிருந்தால் அந்த வகை உங்கள் துப்பாக்கிக்கு ஆகாது. உறையின் பிடிமானம் தயாரிப்புத் தொகுதிக்குத் தொகுதி மாறக்கூடும் என்பதால், பெட்டியில் அச்சிட்டுள்ள தொகுதி எண்ணையும் எழுதிக்கொள்ளுங்கள்.

குழலின் மீதோ கையேட்டிலோ எச்சரிக்கை ஏதும் இருக்கிறதா என்றும் படித்துவிடுங்கள். எடை குறைந்த மாடல்கள் சிலவற்றில் 120 கிரெயினுக்குக் குறைந்த மேக்னம் குண்டுகளைப் பயன்படுத்த வேண்டாம் என்றும், செம்பு உறை போர்த்தாத வெறும் ஈயக் குண்டு வேண்டாம் என்றும் எழுதியிருப்பார்கள். மாற்றாக வந்ததில் சிலிண்டரின் உலோகம் மாறியிருந்தால் எச்சரிக்கையும் மாறியிருக்கும்.

சுழலுருளை எழுதியது:

மிக்க நன்றி. சிலிண்டர் எஃகுதான், கையேட்டில் வெறும் ஈயக் குண்டுகளைப் பற்றிய எச்சரிக்கை இருக்கிறது. அளவுமானி சொன்னபடி அளந்ததில் ஐந்து அறைகளிலும் சிலிண்டர் சரியான நேரத்தில் பூட்டுகிறது. இடைவெளி 0.10 மில்லிமீட்டர், பழையதில் 0.20 இருந்தது.

இன்னும் இரண்டு ஐயங்கள். பழைய ரிவால்வரில் அடி விழுந்தும் வெடிக்காத தோட்டாக்கள் சில தனியாக இருக்கின்றன. அவற்றைப் புதியதில் சுட்டுப் பார்த்தால், குறை துப்பாக்கியிலா தோட்டாவிலா என்பது தெளிவாகுமா? அடுத்து, புதியதில் இடைவெளி பாதியாகக் குறைந்திருப்பது குண்டின் வேகத்தை எந்த அளவுக்கு மாற்றும்?

குறிப்பேடு எழுதியது:

அந்தத் தோட்டாக்களைச் சுடாதீர்கள். அவற்றிலிருந்து தெளிவான முடிவும் கிடைக்காது. ஒருமுறை அடிபட்ட பிரைமருக்குள் இருக்கும் வேதிப்பொருள் நசுங்கியோ உதிர்ந்தோ போயிருக்கலாம். இரண்டாம் அடியில் அது வெடித்தாலும் வெடிக்காவிட்டாலும், முதல் அடி ஏன் தவறியது என்பதற்கு அது விடையாகாது. நம்பத்தக்க சான்று வேண்டுமானால், அதே தொகுதி எண் கொண்ட, அடிபடாத தோட்டாக்களைப் புதிய ரிவால்வரின் ஐந்து அறைகளிலும் சுட்டு, பள்ளங்களைப் பழைய உறைகளோடு ஒப்பிடுங்கள். பிரைமர்களின் கடினத்தன்மை நிறுவனத்துக்கு நிறுவனம் வேறுபடும். கடினமான பிரைமர் கொண்ட வகை ஒன்றையும் வேண்டுமென்றே சோதனையில் சேர்த்துக்கொள்வது நல்லது.

வேகத்தைப் பற்றி: இடைவெளி குறைந்தால் அங்கே கசியும் வாயு குறைந்து வேகம் சற்றுக் கூடும். எவ்வளவு என்பதைக் குண்டின் வேகத்தை அளக்கும் குரோனோகிராஃபில் அளந்தே சொல்ல வேண்டும். பெட்டியில் அச்சிட்ட வேகத்தை எடுத்துக்கொள்ள வேண்டாம். அது பெரும்பாலும் நான்கு அங்குலமோ அதற்கு மேலோ நீளமுள்ள சோதனைக் குழலில் எடுத்தது. இரண்டு அங்குலக் குழலில் அந்த வேகம் வராது. வேகத்தைவிட உங்கள் கவனம் குறி விழும் இடத்தில் இருக்கட்டும். மாற்றியமைக்க முடியாத குறிபார்க்கும் அமைப்பு கொண்ட .38, .357 ரிவால்வர்கள் பெரும்பாலும் 158 கிரெயின் குண்டுக்கு ஏற்ப அமைக்கப்படுகின்றன. இலகுவான, வேகமான குண்டு குழலைவிட்டுச் சீக்கிரம் வெளியேறிவிடுவதால், பின்னுதைப்பில் குழல் உயர்வதற்கு முன்பே கிளம்பி, இலக்கில் தாழ்வாகப் படும். பழையதில் சரியாக விழுந்த குண்டு புதியதில் தாழ்ந்தோ உயர்ந்தோ விழுந்தால் வியப்பதற்கில்லை.

பழையபடைக்கலன் எழுதியது:

நல்ல விளக்கங்கள். யாரும் தொடாத சில விஷயங்களை மட்டும் சேர்க்கிறேன்.

வரிசை எண் மாறியிருக்கிறது அல்லவா? உரிமத்திலோ பதிவேட்டிலோ பழைய எண் இருக்குமானால், சுடும் தளத்துக்கு எடுத்துச் செல்லுமுன் அதை மாற்றிக்கொள்ளுங்கள். நிறுவனம் பழையதைத் திரும்பப் பெற்றுக்கொண்டதற்கான கடிதமும், இரண்டு எண்களும் குறிப்பிடப்பட்ட மாற்றுச் சான்றும் கையில் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் பழைய துப்பாக்கி எங்கே என்ற கேள்விக்குப் பல ஆண்டுகள் கழித்தும் நீங்கள்தான் பதில் சொல்ல வேண்டியிருக்கும்.

தோட்டா வெடிக்காவிட்டால் என்ன செய்வது என்பதையும் இங்கே சொல்லியாக வேண்டும், ஏனெனில் ரிவால்வரில் இது பலருக்கும் தவறான பழக்கமாகிவிட்டது. பயிற்சியின்போது 'டக்' என்ற ஓசை மட்டும் கேட்டால் உடனே மறுபடி விசையை அழுத்தாதீர்கள். தாமதமாக வெடிக்கும் தோட்டா என்றால், சிலிண்டர் அடுத்த அறைக்குத் திரும்பிய பிறகு, குழலுக்கு நேரே இல்லாத அறையில் அது வெடிக்கும். குழலை இலக்கின் பக்கமே வைத்துக் குறைந்தது 30 விநாடிகள் காத்திருங்கள். வழக்கத்தைவிட மெலிந்த ஓசை கேட்டால் அதைவிடக் கவனம் தேவை. குண்டு குழலுக்குள்ளேயே சிக்கியிருக்கக்கூடும். சிலிண்டரைத் திறந்து காலிசெய்து, குழலுக்குள் வெளிச்சம் தெரிகிறதா என்று பார்க்காமல் அடுத்த தோட்டாவைச் சுடக் கூடாது.

கண்ணாடியும் காதுக் கவசமும் எல்லோருக்கும் தெரிந்தவை. வெடியோசையில் காதுக்கு வைத்த உச்சவரம்பு 140 டெசிபல். குட்டைக் குழல் மேக்னத்தின் ஓசை 150-ஐ எளிதாகத் தாண்டும். பக்கத்தில் நிற்பவரைச் சிலிண்டருக்கு இணையாக நிற்க விடாதீர்கள். இடைவெளி வழியே சூடான வாயுவும் ஈயத் துகளும் பக்கவாட்டில் சிதறும். வழக்கத்துக்கு மேல் துகள் தெறிப்பதாகப் பக்கத்து வரிசைக்காரர் சொன்னால், அதைப் புகாராக எண்ணாமல் அளவீடாக எடுத்துக்கொள்ளுங்கள்; அறையும் குழலும் நேர்கோட்டில் இல்லை என்பதன் முதல் அறிகுறி அது.

தொலைநோக்கு எழுதியது:

அறை வாரியாகக் கணக்கிட்டுப் பார்த்த பிறகு, ஒரு பெட்டி போதும் என்று நான் சொன்னதைத் திருத்திக்கொள்கிறேன். எனினும் விலை என்ற என் கவலை அப்படியே இருக்கிறது. பயிற்சித் தோட்டாக்களில் பெரும்பகுதியைச் சுட்டு முடித்துவிட்டு, தற்காப்புத் தோட்டாவில் குறைவாகச் சுட்டால் போதாதா?

அளவுமானி எழுதியது:

சிலிண்டர் பூட்டும் நேரம், முன்பின் ஆட்டம் ஆகியவற்றைப் பயிற்சித் தோட்டாவே காட்டிவிடும், ஆகவே பெரும்பகுதிக்கு அது போதும். குண்டு நகர்தல், பிரைமர் பள்ளம், குறி விழும் இடம் ஆகிய மூன்றையும் எந்தத் தோட்டாவை நிரப்பி வைக்கப் போகிறீர்களோ அதிலேயே பார்க்க வேண்டும். வேறெதுவும் அதற்கு ஈடாகாது.

சுடும்போது இன்னொன்றையும் கவனியுங்கள். எரியாத வெடிமருந்துத் துகள்கள் உறைகளை வெளியே தள்ளும் நட்சத்திரத் தகட்டின் அடியில் ஒட்டிக்கொள்ளும். இரண்டு மூன்று மணிகள் அங்கே இருந்தாலே சிலிண்டர் மூடுவதற்கு இறுகும், விசை கனமாகும். பார்ப்பவருக்குத் துப்பாக்கியே பழுதானதுபோல் தோன்றும். உறைகளைத் தள்ளும்போது குழலை நேரே வானம் பார்க்க நிமிர்த்திக்கொண்டு தள்ளினால் துகள்கள் கீழே உதிர்ந்துவிடும். அவ்வப்போது பல் துலக்கும் பழைய பிரஷ்ஷால் அந்தத் தகட்டின் அடியைத் துடைத்துவிடுங்கள்.

சுழலுருளை எழுதியது:

சோதனை முடிந்தது. எண் மாற்றத்தை முடித்த பிறகே தளத்துக்கு எடுத்துச் சென்றேன்.

148 கிரெயின் தட்டைமுகத்திலும் சாதாரண .38 ஸ்பெஷலிலும் ஐந்து அறைகளும் ஒன்றுபோல் இருந்தன. உறைகளை வரிசையாக நிறுத்திப் பார்த்தபோது பள்ளங்கள் எல்லாம் நடுவில், ஒரே ஆழத்தில் இருந்தன. பழைய துப்பாக்கியின் உறைகளை அருகில் வைத்ததும் வேறுபாடு குழந்தைக்கும் தெரியும் அளவுக்கு இருந்தது. பழையதில் தவறிய அதே தொகுதித் தோட்டாக்கள் இதில் ஒன்றுகூடத் தவறவில்லை. எனவே குறை துப்பாக்கியில்தான் இருந்திருக்கிறது.

நான் முன்பு தேர்ந்திருந்த இரண்டு வகைகளில் ஒன்று .38 ஸ்பெஷல் +பி, செம்பு உறை போர்த்திய 125 கிரெயின் குண்டு. பழையதைவிட இதில் வேகம் சற்றுக் கூடியிருக்கிறது; குறிக்குக் கொஞ்சம் தாழ்வாக விழுந்தாலும் தற்காப்புத் தூரத்தில் அது பொருட்டில்லை. காலிப்பரில் அளந்ததில் குண்டு நகரவில்லை. மற்றொன்று 158 கிரெயின் மேக்னம். அதில்தான் சிக்கல். நான்கு சுட்ட பிறகு ஐந்தாவதை எடுத்துப் பார்த்தால், உறையின் வாய்க்கு மேலே குண்டின் பள்ளக்கோடு (உறையின் வாய் கவ்விப் பிடிக்கும் இடம்) வெளியே தெரிந்தது. அளக்காமலே தெரிந்தது என்றாலும் அளந்தேன். மறுபடி செய்தபோதும் அதேதான். பழைய ரிவால்வரில் இந்தச் சோதனையை யாரும் எனக்குச் சொல்லித் தரவில்லை. குண்டு நீட்டி மோதிச் சிலிண்டர் நின்றதே இல்லை என்பதை மட்டும் வைத்து இந்தத் தோட்டாவை நம்பியிருந்தேன்.

ஆகவே இனி +பி மட்டும். மீதியிருக்கும் மேக்னம் பெட்டிகளை என்ன செய்யலாம்? குண்டு நகர்ந்த தோட்டாக்களை உள்ளே அழுத்திவிட்டுப் பயன்படுத்த முடியுமா?

குறிப்பேடு எழுதியது:

உள்ளே அழுத்தவே கூடாது. ஒருமுறை தளர்ந்த பிடிமானம் மீண்டும் இறுகாது. அழுத்தும்போது குண்டு இருக்க வேண்டிய ஆழத்தைத் தாண்டிவிட்டால் உறைக்குள் இடம் குறைந்து அழுத்தம் எகிறும். நகர்ந்தவற்றை அடிபட்டவற்றோடு சேர்த்து, சுடும் தளத்தில் பழுதான தோட்டாக்களுக்கென்று வைத்திருக்கும் பெட்டியில் போட்டுவிடுங்கள்.

திறக்காத பெட்டிகளில் குறை இருப்பதாகக் கொள்ள வேண்டாம். முழு எஃகு ஃப்ரேம் கொண்ட கனமான ரிவால்வரில் பின்னுதைப்பின் வேகம் குறைவு. அதே தோட்டா அங்கே அசையாமல் இருக்க நல்ல வாய்ப்புண்டு. அப்படியொன்று உங்களிடமோ நண்பரிடமோ இருந்தால், இதே காலிப்பர் சோதனையைச் செய்துவிட்டு அதில் சுட்டுத் தீர்க்கலாம். இல்லாவிட்டால் உங்கள் ரிவால்வரிலேயே, பயிற்சியின்போது, ஒரு நேரத்தில் இரண்டு தோட்டாக்களுக்கு மேல் போடாமல் சுடுங்கள். கடைசித் தோட்டா ஒரே ஓர் உதைப்பைத்தான் தாங்க வேண்டியிருக்கும். தொகுதி எண்ணையும், சுடுவதற்கு முன்னும் பின்னும் அளந்த நீளங்களையும் எழுதித் தோட்டா நிறுவனத்துக்கும் அனுப்பிவையுங்கள்.